நகர வைத்தியர் பாட்ரிக் கெடிஸ்

1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசிய சங்கதி தமிழ்நாட்டில் யாவரும் அறிந்ததே. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த ஜ்வாலையைக் கண்டு பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் வெளியூர்களுக்கு ஓடினார்கள். எதற்கும் அஞ்சாத எத்தனை எம்டன் என்று அழைக்கும் வழக்கம் அன்று முதல் நம் பேச்சில் நிலைத்துவிட்டது. ஆனால் அதே எம்டன் சில வாரங்கள் கழித்து, அக்டோபர் மாதத்தில், இந்து மகா சமுத்திரத்தில் கிளான் கிராண்ட் என்ற சரக்குக் கப்பலைப் பிடித்து மூழ்கடித்தது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தக் கப்பலில் மற்றச் சரக்குகளோடு சில பெட்டிகளும் இருந்தன. அவற்றில் இருந்தவை நகரங்களின் படங்கள்: பழைய வரைபடங்கள், தெருக்களின் சித்திரங்கள், வீடுகளின் அமைப்புகள், ஒரு மனிதர் பல ஆண்டுகள் உலகமெல்லாம் அலைந்து சேர்த்த பொக்கிஷம். அவை சென்னையில் காட்சிக்கு வைக்கப்படுவதற்காக வந்துகொண்டிருந்தன. கடலுக்கடியில் போய்ச் சேர்ந்தன.

அந்தப் பொக்கிஷத்துக்கு உரியவர் பாட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். வேறு கப்பலில் வந்ததால் அவர் பிழைத்தார். அப்போது அவருக்கு வயது அறுபது. அந்த வயதில் வாழ்நாள் சேமிப்பைக் கடல் விழுங்கிவிட்டதென்று கேட்டால் மனம் உடைந்து ஊருக்குத் திரும்புகிறவர்களே அதிகம். அவரோ சீமையிலுள்ள நண்பர்களுக்கு எழுதி, சில மாதங்களுக்குள் வேறு படங்களைச் சேர்க்கச் செய்து, 1915-ஆம் வருஷத் தொடக்கத்தில் சென்னையில் காட்சியைத் திறந்துவிட்டார். அத்துடன் நில்லாமல், ரயிலேறித் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, மதுரை, கோயமுத்தூர் முதலிய ஊர்களுக்குச் சென்று, சந்து சந்தாக நடந்து பார்த்து, ஒவ்வோர் ஊரைப் பற்றியும் சர்க்காருக்கு அறிக்கை எழுதினார். சென்னை ராஜதானியின் நடுத்தர நகரங்களுக்கு நாடி பிடித்துப் பார்த்த முதல் வைத்தியர் அவரே என்று சொன்னால் மிகையாகாது.

அவருடைய சரித்திரத்தை இப்போது சொல்லக் காரணம் உண்டு. நம் நாட்டில் இரண்டு லட்சம், ஐந்து லட்சம், பத்து லட்சம் ஜனங்கள் வசிக்கும் ஊர்களெல்லாம் வேகமாகப் பெருத்து வருகின்றன. பழைய பேட்டைகளில் ஓர் அறையில் ஒரு குடும்பம், சில சமயங்களில் இரண்டு குடும்பங்கள் குடியிருக்கின்றன. இதற்கு நகரசபைகள் கண்டுபிடிக்கும் பரிகாரம் பெரும்பாலும் ஒன்றேதான்: வரைபடத்தின்மேல் அளவுகோலை வைத்து நேர்க்கோடு போடுவது, கோட்டில் அகப்பட்ட வீடுகளை இடிப்பது, அதற்கு அபிவிருத்தி என்று பெயர் சூட்டுவது. இடிந்த வீட்டிலிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி திட்டத்தின் எந்தப் பக்கத்திலும் இடம் பெறுவதில்லை. அந்தக் கேள்வியையே தம் சாஸ்திரத்தின் முதல் கேள்வியாக வைத்தவர் கெடிஸ்.

அவர் 1854-ஆம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி பாலட்டர் என்ற சிற்றூரில் பிறந்தார். பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே தேதியில் போர்பந்தரில் பிறந்த குழந்தையை நேயர்களுக்கு நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தகப்பனார் பட்டாளத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பெர்த் நகரத்துக்கு அருகே ஒரு குன்றின் சரிவில் இருந்த வீட்டில் பையன் வளர்ந்தான். செடி கொடிகளைக் கவனிப்பதும், குன்றின் மேலிருந்து கீழே ஊரையும் ஆற்றையும் வயல்களையும் ஒரே பார்வையில் காண்பதும் அவன் பிள்ளைப் பருவத்துப் படிப்பு. பின்னாளில் நகரத்தைத் துண்டு துண்டாகப் பாராமல் முழுதாகப் பார்க்கும் கண் அவருக்கு அந்தக் குன்றிலேதான் திறந்தது போலும். கொஞ்ச காலம் பாங்கியில் குமாஸ்தா வேலை. பிறகு எடின்பரோ சர்வகலாசாலையில் தாவர சாஸ்திர வகுப்பு. ஒரே வாரத்தில் அந்த வகுப்பு வேண்டாமென்று விட்டு, லண்டனுக்குப் போய், டார்வினுடைய கொள்கைக்காக வாதாடிப் பெயர் பெற்ற ஹக்ஸ்லியிடம் மாணவராகச் சேர்ந்தார்.

1879-இல் ஆராய்ச்சிக்காக மெக்ஸிகோ தேசத்துக்குப் போனவருக்குக் கண் பார்வை போய்விட்டது. பல வாரங்கள் இருட்டறையில் கட்டிய கண்களோடு கிடந்தார். ஜன்னல் சட்டத்தின் கட்டங்களைக் கையால் தடவிக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு விஷயத்தை ஒதுக்கி, ஒன்றோடொன்றைப் பொருத்திச் சிந்திக்கும் பழக்கம் அங்கே உண்டாயிற்று. பார்வை திரும்பியது, ஆனால் உருப்பெருக்கிக் கண்ணாடியில் நெடுநேரம் பார்க்கும் வேலை இனி ஆகாது. பூதக்கண்ணாடியின் கீழே கிருமிகளைப் பார்க்க வேண்டியவர், மனிதர்கள் வாழும் புற்றுகளைப் பார்க்கத் திரும்பினார். அந்தக் கட்டம் போட்ட காகிதங்களை மட்டும் ஆயுள் முழுவதும் விடவில்லை. அவற்றை நண்பர்களே பல சமயம் புரிந்துகொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எடின்பரோவின் நிலைமையைக் கொஞ்சம் விவரிக்க வேண்டும். ஏனெனில் அவருடைய கொள்கை புத்தகத்தில் பிறந்ததல்ல, அந்த ஊரின் சந்தில் பிறந்தது. ஒரு பாறை முகட்டின்மேல், கோட்டையின் நிழலில், பழைய எடின்பரோ நகரம் அமைந்திருக்கிறது. விரிவதற்கு இடமில்லாததால் வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தன. ஏழு மாடி, எட்டு மாடி. அவற்றுக்கிடையே இருவர் எதிரெதிரே வந்தால் ஒதுங்க வேண்டிய சந்துகள். ஒரு காலத்தில் ஒரே கட்டடத்தில் கீழே கடைக்காரனும் நடுவே பிரபுவும் மேலே கூலிக்காரனும் வசித்தார்கள். 1767-இல் வடக்கே புது நகரம் அமைக்கத் திட்டம் போடப்பட்டது. அகன்ற வீதிகள், வரிசை தப்பாத மாளிகைகள். பிரபுக்களும் வக்கீல்களும் பேராசிரியர்களும் அங்கே குடிபோனார்கள். பழைய நகரம் ஏழைகளுக்கென்று விடப்பட்டது. ஒரு குடும்பம் இருந்த இடத்தில் பல குடும்பங்கள் அடைந்தன. 1861-ஆம் வருஷம் நவம்பர் மாதம் ஒரு நள்ளிரவில் பெரிய தெருவிலிருந்த பழைய மாடிக் கட்டடம் ஒன்று அப்படியே சரிந்து விழுந்தது. 35 பேர் மாண்டார்கள். ஊர் திடுக்கிட்டது. 1867-இல் நகர அபிவிருத்திச் சட்டம் வந்தது. சந்துகள் பல இடிக்கப்பட்டன. புதிய நேர்வீதிகள் தோன்றின. அவ்வீதிகளில் எழுந்த கட்டடங்களுக்கு வாடகை கொடுக்க இடிபட்டவர்களுக்கு வகையில்லை. வேலை கிடைக்கும் இடத்தை விட்டுத் தொலைதூரம் போகவும் வழியில்லை. இடிக்காமல் விடப்பட்ட அடுத்த சந்தில் நுழைந்துகொண்டார்கள். நெருக்கம் குறையவில்லை, இடம் மாறிற்று.

கெடிஸ் இதைக் கண்டார். 1886-இல் அவர் ஆன்னா மார்ட்டன் என்ற லிவர்பூல் வியாபாரியின் குமாரத்தியை விவாகம் செய்துகொண்டார். அடுத்த வருஷத்துக்குள் தம்பதிகள் புது நகரத்து வசதியான வீட்டை விட்டு, பழைய நகரத்தில் ஜேம்ஸ் கோர்ட் என்ற நெருக்கமான கட்டடத்தில் குடியேறினார்கள். ஹியூம் என்ற தத்துவ சாஸ்திரி ஒரு காலத்தில் வசித்த அந்த இடம் அப்போது சேரிக்குச் சமானமாகிவிட்டிருந்தது. நம் நாட்டில் சேவை செய்யப் புறப்படுகிறவர்கள் காலையில் போய் மாலையில் திரும்புவதுண்டு. இவர்கள் அங்கேயே அடுப்பு மூட்டினார்கள், அங்கேயே பிள்ளை பெற்றார்கள். முதல் வேலை சுண்ணாம்பு அடிப்பது. கணவனும் மனைவியும் தாங்களே வாளியும் மட்டையுமாக இறங்கினார்கள். அண்டை வீட்டாரும் சேர்ந்தார்கள். குப்பை போயிற்று, ஜன்னல்களில் பூந்தொட்டிகள் வந்தன. பிறகு ஒவ்வொரு கட்டடமாகப் பார்த்து, பழுது பார்க்கக் கூடியதைப் பழுது பார்த்து, உளுத்ததை மட்டும் எடுத்துவிட்டு, அங்கே வெளிச்சத்துக்கு ஒரு சிறு முற்றம் விட்டார்கள். மாணவர்கள் தாங்களே நிர்வகித்துக்கொள்ளும் விடுதிகளை அதே பேட்டையில் ஏற்படுத்தினார். படித்தவனும் பாமரனும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் பழைய வழக்கம் திரும்ப வேண்டும் என்பது அவர் நோக்கம்.

இதற்கெல்லாம் பணம்? கடன்தான். மனைவியின் சொத்தும் இதில் இறங்கிற்று. வீடுகளை வாங்குவார், செப்பனிடுவார், மறுபடி கடன் வாங்குவார். கணக்குப் பார்ப்பது ஆன்னாவின் தலையில் விழுந்தது. முடிவில் 1896-இல் நண்பர்கள் ஒரு கம்பெனி ஏற்படுத்தி அந்தச் சொத்துக்களைத் தங்கள் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டு அவரை மீட்டார்கள். மகான்களின் மனைவிமார்களைப் பற்றிச் சரித்திரக்காரர்கள் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆன்னா இல்லாவிட்டால் கெடிஸ் என்பவர் கடன்காரர் சிறையில் ஒரு கைதியாக மட்டும் மிஞ்சியிருப்பார் என்பது நமது அபிப்பிராயம்.

எடின்பரோ சர்வகலாசாலையில் தாவர சாஸ்திரப் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. 1888-இல் ஒரு நண்பர் தம் செலவில் டண்டீ நகரக் கல்லூரியில் பதவி ஒன்றை ஏற்படுத்திக் கொடுத்தார். வருஷத்தில் கோடைப் பருவத்தில் மட்டும் பாடம் சொன்னால் போதும். மற்ற மாதங்கள் அவருடையவை. 1919 வரை அந்தப் பதவியில் இருந்தார். 1892-இல் கோட்டைக்கு அருகில் ஒரு கோபுரத்தை வாங்கி, உச்சியில் நகரத்தின் நிழலுருவம் மேஜைமேல் விழும்படி ஏற்கெனவே இருந்த இருட்டறையைப் பயன்படுத்திக்கொண்டு, கீழ் மாடிகளில் எடின்பரோ, ஸ்காட்லாந்து, ஐரோப்பா, உலகம் என்று படிப்படியாக விரியும் காட்சிகளை அமைத்தார். முதலில் உன் ஊரை உச்சியிலிருந்து பார். பிறகு உலகத்தைப் படி என்பது அதன் பாடம். நம் கலாசாலைகளிலோ தேம்ஸ் நதியின் நீளம் தெரிந்த மாணவனுக்குத் தன் ஊர்க் குளத்துக்குத் தண்ணீர் எந்த வாய்க்கால் வழியாக வருகிறதென்று தெரியாத காலம் ஒன்று இருந்தது. அது முற்றிலும் ஒழிந்துவிட்டதாகச் சொல்லத் துணிவில்லை.

நம் நாட்டுக்கும் அவருக்கும் தொடர்பு 1914-க்கு முன்பே உண்டு. 1900-இல் பாரிஸ் நகரில் நடந்த சர்வதேசக் காட்சியின்போது சுவாமி விவேகானந்தரை அவர் சந்தித்தார். சகோதரி நிவேதிதா அங்கே அவருடைய வேலையில் உதவி செய்தார். இந்திய வாழ்க்கையைப் பற்றி 1904-இல் தாம் வெளியிட்ட நூலில் கெடிஸிடம் தாம் கற்றதற்கு நன்றி செலுத்தியிருக்கிறார். பின்னர் ஜகதீச சந்திர போஸின் ஜீவிய சரித்திரத்தை 1920-இல் எழுதி வெளியிட்டவரும் கெடிஸே. ரவீந்திரநாத டாகுரின் கிராமப் புனருத்தாரண வேலையில் அவருடைய இளைய குமாரர் ஆர்தர் சேர்ந்து உழைத்தார்.

சென்னைக்கு அவரை வரவழைத்தவர் அப்போது கவர்னராயிருந்த பென்ட்லாண்டு பிரபு. வந்தவர் பங்களாவில் உட்கார்ந்து கோப்புகளைப் படிக்கவில்லை. விடியற்காலையில் கையில் வரைபடத்துடன் தெருவில் இறங்குவார். முனிசிபல் வரைபடத்தில் வீடுகள் வெறும் கறுப்புக் கட்டங்கள். அவர் அதில் எது மாடி வீடு, எது குடிசை, எது பாழ்மனை, எங்கே கிணறு, எங்கே அரசமரமும் பிள்ளையாரும், எந்த முற்றத்தில் வெயில் விழுகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வார். இஞ்சினீயர்கள் பலருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது.

தஞ்சாவூர்க் கோட்டைக்குள்ளே ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுவோம். அங்கே நெருக்கத்தைப் போக்குவதற்கு முனிசிபாலிடி ஒரு திட்டம் வைத்திருந்தது. குறுக்கும் நெடுக்குமாக நேரான புதுத் தெருக்கள். அவற்றின் வழியிலுள்ள வீடுகள், நல்லவை பொல்லாதவை என்ற பேதமின்றி, இடிபட வேண்டும். கெடிஸ் அந்த இடத்தை நடந்து பார்த்தார். அங்கே ஏற்கெனவே சந்துகள் வேண்டிய அளவு இருந்தன. அவை சில இடங்களில் மட்டும் ஒடுங்கியிருந்தன. இடிந்து பாழாய்க் கிடந்த மனைகள் அங்கங்கே இருந்தன. குடியிருக்கத் தகாத வீடுகளும் சில இருந்தன. அவ்வளவையும் எடுத்துவிட்டு, ஒடுங்கிய இடத்தில் சந்தைச் சற்று விரித்து, பாழ்மனைகளைச் சிறு வெளிகளாக்கி மரம் நட்டால் ஒவ்வொரு வீட்டுக்கும் காற்றும் வெளிச்சமும் வந்துவிடும் என்று காட்டினார். நல்ல வீடு எதிர்ப்பட்டால் சந்து வளைந்து போகட்டும். சந்துக்காக வீடு ஏன் சாக வேண்டும்? செலவு முனிசிபல் திட்டத்தில் ஒரு சிறு பங்கு. வீடிழப்பவர்களும் மிகச் சிலர். ரண வைத்தியத்தில் கத்தி வேண்டியதுதான். ஆனால் வைத்தியன் வெட்டுவது புண்ணை மட்டும். காலில் புண் என்றால் இடுப்போடு எடுக்கிறவன் வைத்தியன் அல்ல. காக்கும் ரணவைத்தியம் என்ற பொருளில் இந்த முறைக்கு அவர் பெயரிட்டார்.

இதற்கு நேர்மாறான முறையின் பலன் அப்போது பம்பாயில் கண்கூடாக இருந்தது. 1896-இல் பிளேக் வந்தது. 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் ஏற்பட்டது. ஆரம்ப வருஷங்களில் அது இடித்த குடியிருப்புகள் அதிகம், கட்டியவை குறைவு. வெளியேற்றப்பட்டவர்கள் அருகிலிருந்த சால்களில் புகுந்து அவற்றையும் பிளேக் கூடுகளாக்கினார்கள். வீட்டை இடிப்பதால் வீட்டுப் பஞ்சம் தீராது, அதிகமாகும் என்பது கணக்கு வாத்தியார் தேவையில்லாத கணக்கு. ஆனால் அதிகார வர்க்கத்துக்கு அது எக்காலத்திலும் கடினமான கணக்காகவே இருந்து வந்திருக்கிறது. முதலில் புதிய இடத்தில் வீடு தயாராக வேண்டும், அதுவும் பிழைப்புக்கு எட்டிய தூரத்தில். அதன் பிறகே பழைய இடத்தில் கடப்பாரை விழ வேண்டும் என்று கெடிஸ் அறிக்கைக்கு அறிக்கை வற்புறுத்தினார்.

இங்கே நமது அனுபவம் ஒன்றைச் சொல்ல நேயர்கள் அனுமதிப்பார்களாக. நாம் வக்கீல் தொழில் நடத்திய நாட்களில், ஒரு ஜில்லாத் தலைநகரில் வீதியை அகலப்படுத்தும் திட்டத்தில் நஷ்ட ஈட்டு வழக்கு ஒன்றில் ஆஜரானோம். வீட்டுக்காரர் நமது கட்சிக்காரர், தொகை உயர்ந்தது, அவருக்குச் சந்தோஷம், நமக்கும் பீஸ். அந்த வீட்டுத் திண்ணையையும் பின்கட்டு அறையையும் வாடகைக்கு எடுத்து இட்டிலி சுட்டு விற்று வந்த ஒரு விதவை கோர்ட்டு வராந்தாவில் நம்மிடம் வந்து, தனக்கு என்ன உண்டு என்று கேட்டாள். கட்டைப் புரட்டிப் பார்த்தோம். அவள் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. 1894-ஆம் வருஷத்து நில ஆர்ஜிதச் சட்டம் சொத்துக்கு விலை போடத் தெரிந்த சட்டம். மாதவாடகைக் குடித்தனக்காரனின் பிழைப்புக்கு விலை போட அதற்குத் தெரியாது. நகர்ப்புறத்தில் மூன்று வருஷம் குடியிருந்த குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கணக்கில் எடுக்க 2013-ஆம் வருஷத்துச் சட்டம் வர வேண்டியிருந்தது. அன்று அவளுக்கு நாம் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாகவே இருக்கிறது. கெடிஸின் வரைபடத்தில் அந்தத் திண்ணை அடுப்பு ஒரு புள்ளியாகவாவது இடம் பெற்றிருக்கும்.

தென்னாட்டுக் கோயில் நகரங்கள் அவர் மனத்தைக் கவர்ந்தன. 1919-இல் கல்கத்தா மாடர்ன் ரெவ்யூ பத்திரிகையில் அவற்றைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். மதுரையைப் பாருங்கள்: கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றையொன்று சூழ்ந்து நிற்கின்றன. தேர் ஓட வேண்டிய வீதியில் திண்ணை நீட்ட எவனுக்கும் துணிவு வராது; வருஷத்துக்கொரு முறை தேரே ஆக்கிரமிப்பு இன்ஸ்பெக்டராக வந்துவிடுகிறது. வீதிக்குள் சந்து, சந்துக்குள் வளவு, வளவுக்குள் முற்றம். நெருக்கமாக வாழ்ந்தும் மூச்சு முட்டாமல் வாழ வகை செய்த ஏற்பாடு இது. நெருக்கமே குற்றமென்று கெடிஸ் நினைக்கவில்லை. முற்றத்தில் கொட்டகை போட்டு வாடகைக்கு விட்டு, கிணற்றடியை மூடி அறை கட்டி, வெளிச்சம் வரும் வழியை அடைக்கும் பேராசையே குற்றம். நகரத்துக் குளங்களைத் தூர்த்துவிட வேண்டுமென்று சுகாதார அதிகாரிகள் சொன்ன இடங்களில், குளத்தைச் சுத்தம் செய்து மீனும் வாத்தும் விட்டால் கொசு ஒழியும், கோடைக்குக் குளிர்ச்சியும் மிஞ்சும் என்றார். அன்று தூர்த்த குளங்களின்மேல் நிற்கும் பஸ் நிலையங்களில் மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நிற்கும் பிரயாணிகள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

1917-ஆம் வருஷம் அவர் வாழ்க்கையில் இடி விழுந்த வருஷம். ஏப்ரல் மாதத்தில் மூத்த குமாரர் அலஸ்டேர் பிரான்ஸ் தேசத்துப் போர்க்களத்தில் மாண்டார். செய்தி வந்தபோது ஆன்னா இந்தியாவில் ஜுரத்தில் படுத்திருந்தார். புத்திரசோகம் அவரைக் கொன்றுவிடுமென்று கணவர் செய்தியை மறைத்தார். மகனிடமிருந்து முன்பு வந்த கடிதங்களை எடுத்து வாசித்துக் காட்டி வந்தார். ஜூன் மாதத்தில் கல்கத்தாவில் ஆன்னா, மகன் உயிரோடிருப்பதாக எண்ணியபடியே கண் மூடினார். கெடிஸ் வேலையை நிறுத்தவில்லை. லாகூருக்கும் பல்ராம்பூருக்கும் அறிக்கைகள் அந்த வருஷத்தவையே.

பிறகு இந்தூர். ஹோல்கார் சமஸ்தானத்தின் தலைநகரம் அப்போது பெருநகரமுமல்ல, சிற்றூருமல்ல. பஞ்சாலைகள் தோன்றி, ஜனங்கள் வந்து குவிந்து, வருஷந்தோறும் பிளேக் கொள்ளை கொண்டுபோன ஊர். வரைபடத்துடன் தெருவில் நடந்தபோது ஜனங்கள் தம்மைக் கண்டு ஒதுங்குவதைக் கவனித்தார். விசாரித்ததில், பிளேக்கைக் கொண்டுவரும் வெள்ளைக்காரக் கிழவன் இவன் என்ற பேச்சு ஊரில் இருந்தது தெரிந்தது. காகிதமும் அளவுகோலும் கொண்டு வருகிறவன் வீட்டை இடிக்கத்தான் வருகிறான் என்பது அவர்கள் அனுபவம். அதைக் கண்டு அவர் கோபம் கொள்ளவில்லை. மகாராஜாவிடம் போய், ஒரு நாளைக்குத் தம்மை ராஜாவாக்க வேண்டுமென்று கேட்டார், கிடைத்தது. தீபாவளி ஊர்வலம் வழக்கமான பாதையில் போகாது, எந்தத் தெருக்களில் வீடுகள் அதிகம் சுத்தமாகவும் செப்பனிடப்பட்டும் இருக்கின்றனவோ அவற்றின் வழியாகவே போகும் என்று பறையறைவிக்கப்பட்டது. ஊரில் போட்டி மூண்டது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. ஊர்வலத்தில் யானை, குதிரை, பட்டாளம், அவற்றுக்குப் பின் அசுத்தத்தின் உருவமாக ஒரு ராக்ஷஸன், பிளேக்கின் உருவமாகப் பிரம்மாண்டமான எலி, கொசு. அடுத்து வெள்ளை உடையில், மாலை அணிந்து, நகரத் தோட்டிகள் கௌரவத்துடன் நடந்து வந்தார்கள். எந்தக் கையால் ஊர் உயிர் வாழ்கிறதோ அந்தக் கைக்கு ஊரார் முன்னிலையில் மரியாதை கிடைத்தது. வருஷம் எது என்பதை நினைக்கும்போது இது சிறிய காரியமல்ல. முடிவில் ராக்ஷஸனும் எலியும் வாண வேடிக்கையில் கொளுத்தப்பட்டன. அந்த வருஷத்துப் பிளேக் தணிந்ததற்கு ஊர்வலம் ஒன்றே காரணமென்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கிழவர் வரைபடத்துடன் வந்தால் கதவுகள் திறந்தன. 1918-இல் இந்தூரைப் பற்றி இரண்டு பெரிய பாகங்களாக வெளிவந்த அறிக்கை அப்படித் திறந்த கதவுகளின் பயன். தேசத்தின் தூய்மைப் போட்டியில் 2017 முதல் பல வருஷங்கள் தொடர்ந்து முதலிடம் பெற்றதும் அதே ஊர் என்பதை இந்தச் சந்தர்ப்பத்தில் நினைக்காமலிருக்க முடியவில்லை.

அவருடைய குறைகளையும் மறைக்க நாம் விரும்பவில்லை. பேசுவார், பேசிக்கொண்டே இருப்பார். தாடிக்குள்ளே பாதிப் பேச்சு மறைந்துபோகும். தொடங்கிய வேலையை முடிக்குமுன் அடுத்ததற்குத் தாவுவார். மகாராஜாக்களையும் கவர்னர்களையும் நம்பி யோசனை சொன்னாரேயன்றி, தெருவிலுள்ளவன் அந்த யோசனையைச் சட்டமாக்கிக் கேட்கும் உரிமையைப் பற்றிப் போதிய கவலை எடுத்துக்கொள்ளவில்லை. ஓர் அறிக்கைக்குக் கீழே கவர்னர் கையெழுத்து விழாவிட்டால் அது அலமாரிக்குத்தான் போகும். 1920-இல் சென்னை ராஜதானிக்கு நகர அமைப்புச் சட்டம் ஏற்பட்டது. அவருடைய உள்ளம் அதன் வாசகங்களில் குடியேறியதாகச் சொல்ல முடியாது. மேலும், 1911-ஆம் வருஷத்து ஜனக்கணக்கில் அரை லட்சத்துக்குக் குறைவாயிருந்த கோயமுத்தூர் 2011-இல் பத்து லட்சத்தைக் கடந்துவிட்டது. இத்தகைய ஊருக்குச் சந்துகளைச் செப்பனிட்டு மரம் நட்டால் மட்டும் போதாது. புதிய வீடுகள் ஆயிரக்கணக்கில், மாடி மாடியாகவும் வேண்டும். இதை ஒப்புக்கொள்வதில் தயக்கமில்லை. ஆனால் அந்த மாடி வீடுகள் எங்கே எழ வேண்டும்? சென்னையில் கூவம், அடையாறு கரைகளிலிருந்தவர்களுக்கு ஊருக்கு வெளியே கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் ஆயிரக்கணக்கில் வீடுகள் கட்டப்பட்டன. வீடு கிடைத்தது; வேலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டியதாயிற்று; பலர் பிழைப்பை இழந்தனர். நடுத்தர நகரங்கள் சென்னையைப் பார்த்து எதைக் கற்றுக்கொள்ளப் போகின்றன என்பதே நம் கவலை.

1919 முதல் 1924 வரை பம்பாய் சர்வகலாசாலையில் சமூக சாஸ்திரப் பேராசிரியராக இருந்தார். 1925-இல் பாலஸ்தீனத்தில் டெல் அவீவ் நகரத்துக்கு அவர் வகுத்த திட்டத்தில் ஒவ்வொரு வீட்டுத் தொகுதிக்கும் நடுவே ஒரு பொதுத் தோட்டம் இருந்தது. அந்தத் திட்டத்தின்மேல் எழுந்த வெள்ளை நகரத்தை 2003-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. கடைசி வருஷங்களில் பிரான்ஸ் தேசத்தின் தென்பாகத்திலுள்ள மோன்பெலியே நகரில் மாணவர்களுக்காக ஒரு கலாசாலை அமைக்க முயன்றார். அங்கும் கடன், அங்கும் முடியாத கட்டடம். 1932-இல் சர் பட்டத்தை ஏற்றுக்கொண்டார். அதே வருஷம் ஏப்ரல் 17-ந் தேதி அங்கேயே காலமானார்.

அவருடைய இந்திய அறிக்கைகள் பல காலம் ஆபீஸ் அலமாரிகளில் செல்லுக்கு இரையாகக் கிடந்தன. 1947-இல், நாம் சுதந்திரம் பெற்ற அதே வருஷத்தில், ஜாக்குலின் டிர்விட் என்ற நகர அமைப்பு நிபுணர் அவற்றிலிருந்து முக்கியமான பகுதிகளைத் தொகுத்து லண்டனில் ஒரு நூலாக வெளியிட்டார். அதில் தஞ்சாவூர்க் கோட்டையின் அந்தப் பகுதிக்கு வரைபடங்கள் இருக்கின்றன. முனிசிபல் திட்டத்தைக் காட்டும் படத்தில் தெருக்கள் அளவுகோலால் இழுத்தாற்போல நேராக ஓடுகின்றன; அவற்றின் கீழே எத்தனை வீடுகள் மறைந்தன என்று எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். கெடிஸின் படத்தில் பழைய சந்துகளே வளைந்தும் நெளிந்தும் போகின்றன, நடுநடுவே சிறு வெளிகள், அவற்றில் மரங்கள்.